ஒன்பது புறப்பாடுகள், ஒரே ஒரு திரும்புதல்: 1968ஆம் ஆண்டுப் பாய்மரப் பயணங்களின் ஆயத்தம் குறித்த நிகழ்வு ஆய்வு

1968ஆம் ஆண்டு ஜூன் முதல் அக்டோபர் வரையிலான ஐந்து மாதங்களில், பிரிட்டன், அயர்லாந்து ஆகிய நாடுகளின் கரைகளிலிருந்து ஒன்பது பேர் தனித்தனியே பாய்மரப் படகுகளில் புறப்பட்டார்கள். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல், எவருடைய உதவியும் பெறாமல், உலகை ஒருமுறை சுற்றி வருவது அவர்களுடைய நோக்கம். அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. பிரான்சிஸ் சிச்செஸ்டர் 1966-67ஆம் ஆண்டுகளில் சிட்னியில் மட்டும் நின்று உலகைச் சுற்றித் திரும்பியிருந்ததால், எஞ்சியிருந்த ஒரே சாதனை இது என்று பலரும் ஒரே சமயத்தில் கருதினர். லண்டனின் சண்டே டைம்ஸ் இதழ் இந்த முயற்சிகளை ஒரு போட்டியாக அறிவித்து, முதலில் திரும்புபவருக்குக் கோல்டன் குளோப் கோப்பையும், குறைந்த நாட்களில் முடிப்பவருக்கு 5,000 பவுண்டும் வழங்குவதாகச் சொன்னது. ஒன்பது பேரில் பயணத்தை முடித்துக் கரை சேர்ந்தவர் ஒருவர் மட்டுமே.

இந்நிகழ்வு பெரும்பாலும் வீரக் கதையாகவோ துயரக் கதையாகவோ சொல்லப்படுகிறது. இங்கே நான் எடுத்துக்கொள்வது அதன் ஆயத்தப் பகுதியை மட்டும். நீண்ட பயணத்திற்குப் படகைத் தயார் செய்வோர் படிக்க வேண்டிய பாடங்களில் இதைவிடத் தெளிவானது வேறொன்று இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஒரே கடலுக்கு, ஒரே ஆண்டில், முற்றிலும் வேறுபட்ட ஆயத்தங்களுடன் சென்ற ஒன்பது படகுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அரிது. அவ்வாறு பார்க்கும்போது எனக்குத் தோன்றும் முடிவு இது: குறையே இல்லாத படகு என்று எதுவும் அன்று புறப்படவில்லை. தன் படகின் குறை எங்கே இருக்கிறது என்பதை முன்பே அறிந்து, அதைக் கடலில் வைத்தே சரிசெய்யும் பொருளும் பழக்கமும் உடன் கொண்டிருந்தவர்தான் திரும்பி வந்தார்.

விதிகளும் பருவமும்

அன்றைய விதிகள் இன்று வியப்பளிக்கும் அளவுக்குத் தளர்வானவை. படகைச் சோதிக்க எவரும் வரவில்லை. மாலுமியின் அனுபவத்தைக் கேட்டறிய எவரும் இல்லை. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை எந்த நாளிலும் புறப்படலாம் என்பதே முக்கிய நிபந்தனை. இந்தக் கடைசித் தேதிக்குக் காரணம் பருவம். பாதை அட்லாண்டிக் வழியே தெற்கே இறங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஓடி, தென் அமெரிக்காவின் நுனியான ஹார்ன் முனையைக் கடந்து மீண்டும் வடக்கே ஏற வேண்டும். ஹார்ன் முனையைத் தென்கோளத்தின் கோடையில், அதாவது டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் கடப்பதே விவேகம். தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் குளிர்காலப் புயல்களை நோக்கிய நகர்வாகும். எனவே மெதுவாக ஓடும் படகு முன்கூட்டியே புறப்பட வேண்டும், வேகமான படகு காத்திருக்கலாம். முன்கூட்டிப் புறப்படுபவர் நன்னம்பிக்கை முனையை அங்கே குளிர்காலம் முடியும் முன்னரே அடைந்துவிடுவார் என்பது இதன் மறுபக்கம். புறப்படும் நாளைத் தேர்வது என்பது, எந்த முனையில் எந்தக் காற்றைச் சந்திக்கப் போகிறோம் என்பதைத் தேர்வதுதான்.

சுஹைலி

திரும்பி வந்த படகின் பெயர் சுஹைலி. அது பம்பாயில் தேக்கு மரத்தில் கைக்கருவிகளால் கட்டப்பட்டு, 1964 டிசம்பரில் நீரில் இறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 32 அடி, இரண்டு பாய்மரங்கள், நோர்வேயின் மீட்புப் படகுகளை அடிப்படையாகக் கொண்ட, கனத்த, இரு முனையும் கூர்ந்த பழைய வடிவம். அதன் உரிமையாளர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், வணிகக் கப்பல் அதிகாரி. புறப்படும்போது வயது 29. இந்தப் பயணத்திற்கு அவர் விரும்பியது சுஹைலியை அல்ல என்பது பலரும் கவனிக்காத செய்தி. 53 அடி நீளமுள்ள எஃகுப் படகொன்றின் வரைபடத்தை உருவாக்கி, அதைக் கட்டப் பணம் திரட்ட முயன்று, அது கிடைக்காததால்தான் கையிலிருந்த சிறு படகோடு செல்ல முடிவெடுத்தார். புதிய படகு கிடைத்திருந்தால் வேகம் கூடியிருக்கும். ஆனால் அதன் குணமறியாமல் புறப்பட்டிருப்பார்.

சுஹைலியின் குணம் அவருக்குத் தெரிந்திருந்தது. 1965ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயிலிருந்து தம் சகோதரரோடும் நண்பரோடும் புறப்பட்டு, பணம் தீர்ந்தபோது தென்னாப்பிரிக்காவில் நின்று வேலை செய்து, பின்னர் கேப்டவுனிலிருந்து லண்டன் வரை எங்கும் நில்லாமல் அதே படகில் வந்தவர் அவர். எந்தக் காற்றில் எந்தப் பாயைச் சுருக்க வேண்டும், எந்த மூட்டு முதலில் கசியும், எந்தக் கப்பி எப்போது இறுகும் என்பதெல்லாம் அந்தப் பயணத்தில் படிந்த அறிவு. இதைத்தான் நான் ஆயத்தத்தின் பெரும்பகுதி என்பேன். கடையில் வாங்கிப் படகில் ஏற்றும் பொருள்களின் பட்டியல் இதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

அவர் 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். சிறிய, மெதுவான படகு என்பதால் முன்கூட்டிய தேதி. அதற்கு விலையாகத் தென்கோளக் குளிர்காலத்தின் கடைசி வாரங்கள். இந்தக் கணக்கை அவர் அறிந்தே செய்தார்.

முதல் சோதனை தென்கடலை எட்டுவதற்கு முன்பே வந்தது. கேப் வெர்டே தீவுகளைக் கடந்த பின் படகினுள் நீர் ஏறத் தொடங்கியது. காற்று அடங்கிய ஒரு நாளில் நீரில் இறங்கிப் பார்த்தபோது, ஏராவை, அதாவது படகின் அடித்தண்டை, ஒட்டிய பலகையின் இடுக்கு ஏறத்தாழ எட்டடி நீளத்திற்குத் திறந்திருப்பதும், படகு அசையும்போதெல்லாம் அது விரிந்து சுருங்குவதும் தெரிந்தது. மறுபக்கத்திலும் அதே நிலை. மரக்கலத்தில் இத்தகைய இடுக்கைப் பஞ்சுத் திரி செருகி அடித்து அடைப்பதைக் கலப்பத்து என்பார்கள். அது கரையில், காய்ந்த பலகையில், உளியும் சுத்தியலும் கொண்டு செய்யும் வேலை. அவர் அதை நீருக்கடியில், மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய முயன்றார். பஞ்சைச் செருகி, அதைத் தட்டி இறுக்குவதற்குள் மூச்சு முட்டும். மேலே வந்து மீண்டும் மூழ்குவதற்குள் செருகிய பஞ்சு உதிர்ந்துவிடும். வேறு வழி யோசித்தார். நீண்ட கித்தான் பட்டையொன்றில் பஞ்சைத் தைத்து, இடையிடையே செப்பு ஆணிகளை முன்பே குத்திவைத்து, தார் பூசி, அந்தப் பட்டையை இடுக்கின்மேல் வைத்து ஆணிகளை அடித்தார். ஓடும் நீர் பட்டையைக் கிழித்துவிடாமல் இருக்க அதன்மேல் செப்புத் தகட்டையும் பொருத்தினார். அந்தத் தகடு, புறப்படுவதற்கு முன் வானொலிக் கருவியைப் பொருத்த வந்தவர்கள் படகில் விட்டுச் சென்றது. உடலின் வெண்மை சுறாக்களை ஈர்க்காதிருக்க அடர்நிறச் சட்டையும் கால்சட்டையும் அணிந்தே நீரில் இறங்கினார். இருந்தும் இடையில் ஒரு சுறா சுற்றிவரத் தொடங்கியபோது, மேலே ஏறித் துப்பாக்கியால் சுட வேண்டியிருந்தது. பின்னர் மறுபக்கத்தையும் அதே முறையில் அடைத்தார். கசிவு குறைந்தது, பயணம் தொடர்ந்தது.

இந்தக் காட்சியில் வீரம் உண்டு. ஆனால் ஆய்வு நோக்கில் நான் கவனிப்பது வேறு சிலவற்றை. கித்தான், பஞ்சு, தார், செப்பு ஆணி, சுத்தியல் ஆகிய அனைத்தும் படகில் இருந்தன. அவை எங்கே இருக்கின்றன என்று அவருக்குத் தெரிந்தது. மரம், பஞ்சு, ஆணி என்று கையால் செய்யக்கூடிய வேலையாகப் படகின் அமைப்பு இருந்தது. முதல் முறை தோற்றபோது இரண்டாம் முறையை வகுக்கும் நிதானமும் இருந்தது. ஏனெனில் கசிவு என்பது அவருக்குப் புதிய செய்தி அல்ல.

செப்டம்பர் தொடக்கத்தில், நன்னம்பிக்கை முனையை நெருங்கும் வேளையில், ஓர் அலை சுஹைலியைப் பக்கவாட்டில் சாய்த்து வீழ்த்தியது. படகு நிமிர்ந்துவிட்டது, ஆனால் அறையின் மேற்கட்டு இடம் பெயர்ந்து மூட்டுகள் விரிந்தன, தானியங்கிச் சுக்கான் சேதமடைந்தது, குடிநீர்த் தொட்டிகளில் இருந்த நீர் கெட்டுப்போனது. பின்னர் வானொலியின் அனுப்பும் பகுதி செயலிழந்தது. நவம்பர் தொடக்கத்தில், ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது, தானியங்கிச் சுக்கான் முற்றிலும் பயனற்றுப் போனது. அடுத்தடுத்து இத்தனை இழந்தும் பயணம் நிற்கவில்லை என்பதுதான் ஆராய வேண்டிய இடம். குடிநீர் கெட்டபோது மழைநீரைப் பாய்களில் பிடித்துச் சேர்த்தார். வானொலி போனபோது படகின் ஓட்டத்திற்கு அதனால் எந்தக் கேடும் இல்லை. திசையறிய அவரிடம், சூரியன், விண்மீன்களின் உயரத்தை அளக்கும் செக்ஸ்டன்ட்டும் கடிகாரமும் அட்டவணைகளும் இருந்தன. தானியங்கிச் சுக்கான் போனபோது, முன்பாய்க்கும் பின்பாய்க்கும் இடையே காற்றின் அழுத்தத்தைச் சமன்செய்து, சுக்கானைக் கட்டிவைத்து, படகைத் தானே நேராக ஓடவிடப் பழகினார். நீண்ட ஏராவும் இரண்டு பாய்மரங்களும் கொண்ட அந்தப் பழைய வடிவம் அதற்கு இடங்கொடுத்தது. சுஹைலியில் எந்த ஒரு கருவியும் மற்றொன்றைத் தாங்கும் ஒற்றைத் தூணாக இருக்கவில்லை.

1969 ஜனவரி 17 அன்று ஹார்ன் முனையைக் கடந்தார். ஏப்ரல் 22 அன்று, 312 நாட்களுக்குப் பின், அதே ஃபால்மத் துறைமுகத்திற்குத் திரும்பினார். கடந்த தொலைவு 30,123 மைல். சராசரி வேகம் மணிக்கு நான்கு கடல் மைலைச் சற்றே தாண்டியது, அதாவது ஒரு மனிதர் விரைந்து நடக்கும் வேகத்தைவிடச் சிறிதே அதிகம்.

டின்மத் எலெக்ட்ரான்

இதற்கு நேர் எதிரான ஆயத்தத்தின் வரலாறு டொனால்ட் குரோஹர்ஸ்ட்டுடையது. அவர் தம் உயிரையே இதில் இழந்தார் என்பதால், இதை எழுதும்போது தீர்ப்பு சொல்லும் தொனி வந்துவிடக் கூடாது என்று நான் கருதுகிறேன். அவர் அறிவாளி, மின்னணுக் கருவிகளை வடிவமைப்பவர், ஓய்வு நாட்களில் சிறு படகு ஓட்டியவர். சிச்செஸ்டரின் படகான ஜிப்சி மோத் 4ஐக் கடனாகப் பெற முயன்று, அது மறுக்கப்பட்ட பின், டின்மத் எலெக்ட்ரான் என்ற, ஏறத்தாழ 40 அடி நீள மூவுடல் படகொன்றைக் கட்ட முடிவெடுத்தார். நடுவே ஒரு முதன்மை உடலும் இருபுறமும் மிதவைகளும் கொண்ட அந்த வகைப் படகு சாதகமான காற்றில் வேகமாக ஓடும். கவிழ்ந்தால் தானாக நிமிராது. இந்தக் குறையை அவர் நன்கு அறிந்திருந்தார். பாய்மரத்தின் உச்சியில் ஒரு காற்றுப்பையை வைத்து, படகு கவிழும் தறுவாயில் உணரிகளும் கணிப்பொறியும் அதைத் தானே ஊதச் செய்யும் ஏற்பாடு ஒன்றை வகுத்தார். எண்ணம் சிறந்ததுதான். ஆனால் அது புறப்படும் நாள்வரை எண்ணமாகவே இருந்தது: படகின் அறைக்குள் ஓடிய கம்பிகளின் முனையில் இணைக்க எந்தக் கணிப்பொறியும் இல்லை.

நாட்களின் வரிசையைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். படகு நீரில் இறங்கியது 1968 செப்டம்பர் 23. கடைசித் தேதி அக்டோபர் 31. இடையில் இருந்தது ஐந்து வாரமும் சில நாட்களும். கட்டிய இடத்திலிருந்து டின்மத் துறைமுகம்வரை மூன்று நாளில் முடியும் என்று எண்ணிய வெள்ளோட்டம் ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்தது; எதிர்க்காற்றில் படகு முன்னேறத் திணறியது அப்போதே தெரிந்தது. வழக்கமான நிலையில், இத்தகைய வெள்ளோட்டத்தின் பயன் பழுதுப் பட்டியல் ஒன்று கிடைப்பது. பட்டியல் கிடைத்ததும் படகைக் கரையேற்றி, ஒவ்வொன்றாகத் திருத்தி, மீண்டும் கடலுக்குச் சென்று திருத்தம் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். அவருக்கு எஞ்சியிருந்தது சுமார் 16 நாள். வெள்ளோட்டம் சொன்னதைக் கேட்கக் காலம் இல்லாதபோது வெள்ளோட்டத்தால் என்ன பயன்?

அந்த 16 நாளும் திருத்தத்தில் மட்டும் செல்லவில்லை. பொருள் சேகரிப்பு, பத்திரிகையாளர்கள், ஆதரவாளர்கள், விளம்பரம் என எல்லாம் ஒன்றாக நெருக்கின. பணம் போட்டவரோடு செய்திருந்த ஒப்பந்தப்படி, பயணம் கைவிடப்பட்டால் படகின் விலையை அவரே ஏற்க வேண்டிவரும். வீடும் தொழிலும் அதில் சிக்கியிருந்தன. ஆகவே புறப்படாமல் இருப்பதற்கான சுதந்திரம் அவரிடம் இல்லை. ஆயத்தம் பற்றிய எந்தப் பேச்சிலும் இது விடுபட்டுப்போகிறது என்பது என் நெடுநாள் கவலை. பாய்க்கும் கயிற்றுக்கும் அடுத்து, ‘இன்று போகவில்லை’ என்று சொல்லும் உரிமையும் படகில் ஏற்ற வேண்டிய ஒரு பொருள்தான். அதை யாருக்கும் அடகு வைத்துவிட்டுப் புறப்படக் கூடாது.

அக்டோபர் 31 அன்று பிற்பகலில் கிளம்பிய படகு, பாய் ஏற்றும் கயிறுகள் பாய்மர உச்சியில் சிக்கியிருந்ததால் மீண்டும் கரைக்கு இழுத்துவரப்பட்டு, மாலை ஐந்து மணி அளவில் இரண்டாம் முறை புறப்பட்டது. உதிரிப் பொருள்களின் குவியலொன்று கரையிலேயே கிடந்தது. நீர் நிரம்பிய பகுதிகளிலிருந்து அதை இறைக்கப் பயன்படும், வளையக்கூடிய குழாயும் படகில் ஏறவில்லை.

அந்தக் குழாயைக் குறித்துச் சற்று நின்று பேச வேண்டும். மூவுடல் படகின் மிதவைகள் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் மேல்தளத்தில் ஒரு மூடி. மூடிகள் நீரை முழுமையாகத் தடுக்கவில்லை என்பதால் அறைகளில் நீர் சேர்ந்தது. குழாய் இருந்தால் உள்ளே இருந்தபடியே இறைத்துவிடலாம். குழாய் இல்லாததால், அலை மேல்தளத்தைக் கழுவாத அமைதியான வேளைக்குக் காத்திருந்து, மூடியைத் திறந்து, வாளியால் அள்ளிக் கொட்ட வேண்டும்; புயலில், அதாவது நீர் அதிகம் புகும் நேரத்தில், அது இயலாது. சில அடி நீளக் குழாயொன்று கரையில் தங்கியதால், அந்தப் படகு தென்கடலுக்குத் தகுதியற்றதாகியது. முதல் வாரங்களிலேயே தானியங்கிச் சுக்கானின் திருகாணிகள் கழன்று விழத் தொடங்கின; மாற்றுத் திருகாணிகள் இல்லாததால் படகின் வேறு பகுதிகளிலிருந்து கழற்றிப் போட வேண்டியதாயிற்று. இருக்கைத் தளத்தின் மூடி வழியே புகுந்த நீர், கீழே இருந்த மின்னாக்கியை நனைத்தது. விளக்கு, வானொலி என மின்சாரத்தை நம்பிய எல்லாமே அந்த ஒரு மூடியை நம்பியிருந்தன என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

நவம்பர் நடுவில் அவர் தம் படகின் நிலையை நேர்மையாக மதிப்பிட்டு விரிவாக எழுதினார். குறைகள் ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தி, தென்கடலுக்குச் செல்வது ஏற்கத்தக்கதல்ல என்பதை அவரே உணர்ந்திருந்தார். அந்த மதிப்பீட்டின் தரம் உயர்ந்தது; செப்டம்பரில் செய்யப்பட்டிருந்தால் அது ஓர் உயிரைக் காத்திருக்கும். திரும்பவும் முடியாமல், தொடரவும் முடியாமல், அட்லாண்டிக்கிலேயே தங்கி, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இருப்பிடங்களை அனுப்பத் தொடங்கினார். 1969 மார்ச்சில் விதியை மீறி அர்ஜென்டினாவின் கரையில் இறங்கியது, சேதமடைந்த மிதவையைப் பழுதுபார்க்க ஒட்டுப்பலகையும் திருகாணியும் தேடித்தான். ஜூலை 10 அன்று ஆளற்ற படகு அட்லாண்டிக்கில் கண்டெடுக்கப்பட்டது. வேகத்திற்கான 5,000 பவுண்டையும் பெற்ற நாக்ஸ்-ஜான்ஸ்டன், அந்தத் தொகையைக் குரோஹர்ஸ்ட்டின் குடும்பத்திற்கே கொடுத்துவிட்டார்.

மற்ற படகுகள்

ஜான் ரிட்ஜ்வே, சே பிளைத் இருவரும் 1966இல் துடுப்புப் படகில் ஒன்றாக அட்லாண்டிக்கைக் கடந்தவர்கள். இம்முறை இருவருமே கரையோர விடுமுறைப் பயணத்திற்கென உருவான 30 அடிப் படகுகளில் சென்றார்கள். ரிட்ஜ்வேயின் படகில், பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மேல்தளத்தைப் பிடிக்கும் இடத்தில் தளம் புடைத்து விரிசல் கண்டது. ஜூலையில் பிரேசிலின் ரெசிஃபே துறைமுகத்தில் பயணத்தை முடித்தார். பிளைத் பாய் ஏற்றத் தெரியாமலே புறப்பட்டவர். நண்பர்கள் தம் படகில் முன்னே சென்று செய்துகாட்டியதைப் பார்த்துத் தம் பாய்களைச் சரிசெய்தார். அவரும் தென்னாப்பிரிக்காவில் நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்தப் படகு எதற்குத் தகாது என்பதைத் தெரிந்துகொண்டு, இதற்கென்றே கட்டிய 59 அடி எஃகுப் படகில் 1970-71இல் 292 நாளில், காற்றுக்கு எதிராக மேற்கு நோக்கியே உலகைச் சுற்றி வந்தார். அலெக்ஸ் கரோட்ஸோ அக்டோபர் 31 அன்று பெயரளவில் புறப்பட்டு, அருகிலேயே படகைக் கட்டி, ஒரு வாரம் எஞ்சிய வேலைகளைச் செய்த பின்னரே கடலுக்குச் சென்றார்; உடல்நலக் குறைவால் போர்ச்சுகலோடு நின்றது அவர் பயணம். பில் கிங்கின் படகு கவிழ்ந்து பாய்மரங்களை இழந்தது. லோயிக் ஃபூஜெரோன் புயலொன்றுக்குப் பின் கைவிட்டார்.

பிரெஞ்சு மாலுமியான பெர்னார் மொவாத்தெஸ்யேயின் ஆயத்தம் தனிக் கவனத்திற்குரியது. அவருடைய ஜோஷுவா, 39 அடி எஃகுப் படகு. அதில் அவரும் மனைவியும் தஹித்தியை அடுத்த மொரேயாவிலிருந்து ஹார்ன் முனை வழியாக ஸ்பெயின்வரை 126 நாளில் நில்லாமல் வந்திருந்தார்கள். எனவே 1968 ஆகஸ்டில் பிளிமத் துறைமுகத்தில் மற்றவர்கள் பொருள்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவர் இறக்கிக்கொண்டிருந்தார்: இயந்திரம், நங்கூரச் சுழலி, சிறு ஓடம் என்று கடல்நடுவே பயன்படாத எடையெல்லாம் கரைக்குப் போயிற்று. எதை விட்டுச் செல்லலாம் என்று சொல்லத் தெரிவதற்கு, அந்தப் படகில் அந்தக் கடலை முன்பே கண்டிருக்க வேண்டும். கேப்டவுன் அருகே சரக்குக் கப்பலொன்றில் மோதி அவருடைய முன்மரக் குழாய் வளைந்தபோது, கப்பிகளும் கயிறும் கொண்டு கடலிலேயே அதை நிமிர்த்தினார். வெற்றி பெறக்கூடிய நிலையில் இருந்தும் வடக்கே திரும்பாமல், மீண்டும் தென்கடலிலேயே ஓடி 1969 ஜூனில் தஹித்தியை அடைந்தது அவருடைய சொந்த முடிவு; படகு எந்த நிலையிலும் அவரைக் கைவிடவில்லை.

நைஜல் டெட்லியின் விக்ட்ரெஸ் என் வாதத்திற்கு ஓர் எல்லை வகுக்கிறது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அது குரோஹர்ஸ்ட்டின் படகுக்கு அடிப்படையான அதே வடிவம். ஆனால் டெட்லி அதைத் தம் வீடாகவே கொண்டு வாழ்ந்தவர். அதன் இயல்பை அறிந்தவர். அந்த வடிவத்தில் ஹார்ன் முனையையும் கடந்து, தாம் புறப்பட்டபோது சென்ற தடத்தையே மீண்டும் சந்தித்தார், அதாவது உலகைச் சுற்றிவிட்டார். பின்னால் குரோஹர்ஸ்ட் மிக வேகமாக வருவதாக நம்பி, ஏற்கனவே தளர்ந்திருந்த படகை வலிந்து ஓட்டியதில், 1969 மே 21 அன்று, முடிவுக்கு ஏறத்தாழ 1,100 கடல் மைல் இருக்கையில், மிதவை பெயர்ந்து படகு மூழ்கியது, அவர் மீட்கப்பட்டார். படகைப் பற்றிய அறிவு இருந்தும், அது சொல்வதைக் கேட்பதை நிறுத்தினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை.

ஆயத்தம் என்பது எதை

இந்த ஒன்பது பயணங்களிலும் படகைத் தோற்கடித்தவை பெரும்பாலும் சிறு இடங்கள்: ஒரு மூடியின் விளிம்பு, ஒரு தாங்குகம்பியின் பிடிமானம், ஒரு திருகாணி, ஒரு குழாய். இவை கரையில் நின்று பார்க்கையில் புலப்படாதவை. பலத்த காற்றில் தொடர்ந்து பல நாள் ஓடும்போது மட்டுமே வெளிப்படுபவை. ஆகவே நீண்ட பயணத்திற்குத் தயாராகும் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், அந்தப் படகிலேயே, அந்தச் சுமையோடு, நல்ல வானிலையைத் தேடாமல், கரை எட்டும் தொலைவில் ஒரு சிறு கடற்பயணம் செல்வதுதான். திரும்பி வந்தபின் பழுதுகளைத் திருத்தி, இரண்டாம் முறையும் செல்ல வேண்டும். முதல் பயணம் பழுதைக் காட்டும். இரண்டாவது பயணம்தான் திருத்தம் நிற்கிறதா என்று காட்டும். புறப்படும் நாளை இந்த இரண்டாம் பயணத்திற்குப் பின்னரே குறிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொருள்களைப் பொறுத்தவரை, எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, இருட்டில் கைநீட்டினால் எங்கே கிடைக்கும் என்பதே கேள்வி. ஒவ்வொரு அறையிலும் என்ன உள்ளது என்ற இருப்புப் படம் வேண்டும். ஏற்றிய ஒவ்வொரு பொருளும், ஏற்றும் வேளையிலேயே அதில் எழுதப்பட வேண்டும். டின்மத் கரையில் கிடந்த குவியல் எவருடைய அலட்சியத்தாலும் நேர்ந்ததாக நான் நினைக்கவில்லை; பலர் அன்போடு உதவ வந்து, எது ஏறிற்று, எது ஏறவில்லை என்று ஒருவரும் முழுமையாக அறியாத நிலையில் நேர்ந்தது அது. குடிநீரை ஒரே தொட்டியில் நம்பக் கூடாது. சுஹைலியில் கெட்டது தொட்டிநீர். மின்சாரம் நின்றால் நிற்கும் வேலைகளையும், நிற்கக் கூடாத வேலைகளையும் பிரித்து, பின்னவற்றிற்குக் கையால் இயங்கும் வழி ஒன்றை வைத்திருக்க வேண்டும்: நீர் இறைத்தல், சுக்கான் பிடித்தல், திசையறிதல். புதிதாகக் கண்டுபிடித்த கருவியை எடுத்துச் செல்வதில் தவறில்லை. அது இயங்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் அதை வைக்கக் கூடாது.

அரை நூற்றாண்டுக்குப் பின், 2018இல், அதே பாதையில் அதே கால நுட்பங்களோடு போட்டி மீண்டும் நடத்தப்பட்டபோது, அமைப்பாளர்கள் தளர்வான விதிகளை வைத்துக்கொள்ளவில்லை. நீண்ட ஏரா கொண்ட, காலம் கண்ட வடிவப் படகுகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. கலந்துகொள்பவர் 8,000 மைல் கடலோட்டமும், அதற்கு மேல் 2,000 மைல் தனித்த ஓட்டமும் முடித்திருக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது. அந்தப் போட்டிக்காக, சுஹைலியின் வடிவிலேயே கோவாவில் கட்டப்பட்ட துரியா என்ற படகில் சென்றவர் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி. அவர் 2013இலேயே தனியே, நில்லாமல் உலகைச் சுற்றி வந்தவர். அத்தனை அனுபவம் இருந்தும், 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலின் புயலில் துரியா உருண்டு பாய்மரங்களை இழந்தது. முதுகில் கடும் காயத்தோடு அசைய முடியாமல் கிடந்த அவரைப் பிரெஞ்சு மீன்வளக் கப்பலொன்று மூன்று நாளில் மீட்டது. சிறந்த ஆயத்தமும் படகைக் காக்காத நாட்கள் உண்டு. அன்று ஆளைக் காப்பது, அவசரச் செய்தி அனுப்பும் கருவியும், அது படுத்த நிலையிலும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதும்.

அவர் 2022இல் பயானத் என்ற வேறொரு படகில் அதே போட்டிக்குத் திரும்பினார். வழியில் தானியங்கிச் சுக்கானின் துடுப்புகள் முறிந்தபோது, கழிப்பறைக் கதவை அறுத்து மாற்றுத் துடுப்பு செய்து பொருத்திக்கொண்டு ஓடினார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.